எஸ்.எம்.பி.எஸ். போர்டு: செம்புப் பாதையும் எர்த் இணைப்பும்

கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் விரலில் லேசாகச் சுருக்கென்று இருக்கிறதா? "எல்லா கம்ப்யூட்டரிலும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. வீட்டின் எர்த் இணைப்பில்தான். காரணம் புரிய, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளைக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

அகலமான பாதை ஏன்?

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். 240 வாட்ஸ் மின்சக்தி 230 வோல்ட்டில் வரும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான். அதையே 12 வோல்ட்டில் கொடுக்க 20 ஆம்பியர் வேண்டும்!

சாதாரண போர்டில் செம்புப் படலத்தின் தடிமன் 35 மைக்ரான். அதில் 10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலமுள்ள பாதையின் மின்தடை சுமார் 5 மில்லி ஓம். 20 ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட் குறையும். 2 வாட்ஸ் வெப்பமாகும். அகலத்தை 2 மி.மீ. ஆக்கினால் 0.5 வோல்ட் குறையும். வெப்பம் 10 வாட்ஸ். போர்டே கருகிவிடும். எனவேதான் பாதையை அகலமாகவும் நீளம் குறைவாகவும் அமைக்கிறார்கள். அதன் மேல் ஈயப்பற்றைத் தடிமனாகப் பூசுவதும் உண்டு.

கிரவுண்ட்

போன மின்சாரம் அதே அளவில் திரும்பி வர வேண்டும். கறுப்பு வயர்கள் இதற்குத்தான். மதர்போர்டுக்குச் செல்லும் 24 பின் கனெக்டரில் 8 பின்கள் கிரவுண்ட். திரும்பும் பாதை குறுகலானால் அதிலும் வோல்ட்டேஜ் விழும், கட்டுப்படுத்தும் ஐ.சி. தவறான அளவைப் படிக்கும். ஆகவே ஐ.சி.யின் கிரவுண்டைத் தனியாகக் கொண்டுவந்து, ஒரே இடத்தில் மட்டும் இணைப்பார்கள்.

எர்த்

மின் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாவிட்டால் இவற்றின் வழியே பெட்டியில் சுமார் 115 வோல்ட் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு சரி. ஆனால் உள்ளே இன்சுலேஷன் பழுதாகி ஃபேஸ் பெட்டியைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் உங்கள் கையில்! எர்த் சரியாக இருந்தால் அந்தக் கரண்ட் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸ் போய்விடும், நீங்கள் தப்பிப்பீர்கள்.

செய்ய வேண்டியவை

* மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டாதீர்கள். இரண்டு பின் அடாப்டரில் செருகாதீர்கள்.
* எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள்.
* எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளேயுள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.