உதவிப் பணமும் கைத்தொழிலும்

பிற நாட்டார் தரும் உதவி ஒரு நாட்டை உயர்த்துமா? வியாபாரிகளாகிய நாம் சிங்கப்பூரின் கணக்கையே புரட்டிப் பார்க்கலாம்.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் சர்க்கார், தன் படைகளை 1971-க்குள் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களைச் சார்ந்திருந்தது. தளத்துச் சம்பளம் நின்றால் சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் எழுதிய பற்று எப்படி வசூலாகும்?

ஈடாக 5 கோடிப் பவுன் உதவி வந்தது. அதில் கால் பங்குதான் நன்கொடை. முக்கால் பங்கு கடன். அதையும் பிரிட்டிஷ் சரக்குகளுக்கும் சேவைகளுக்குமே செலவிட வேண்டும். கடனும் கொடுத்து, சரக்கையும் தன்னிடமே எடுக்கச் சொல்லும் மொத்த வியாபாரியை நாம் அறியாதவர்களா?

அந்தப் பணத்தைவிடப் பெரிதாக நமக்குத் தோன்றுவது செம்பவாங் கப்பல் பட்டறைதான். பெயருக்கு ஒரு வெள்ளி விலையில் அது சிங்கப்பூருக்குக் கைமாறியது. போர்க்கப்பல்களைப் பழுது பார்த்துப் பழகிய கைகள் வர்த்தகக் கப்பல்களைப் பழுது பார்க்கத் தொடங்கின. பட்டறைக்கு வருமானம் வந்தது. இதற்கு முன்பும், 1960-இல் ஐக்கிய நாட்டுச் சபை அனுப்பிய டாக்டர் வின்சேமியஸ் குழு ரொக்கம் கொண்டுவரவில்லை, யோசனையே கொண்டுவந்தது. 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது அதையொட்டித்தான்.

ஆயினும் தளத்தில் வேலை இழந்த எல்லோருக்கும் பட்டறையில் இடம் கிடைக்கவில்லை. இந்தியத் தொழிலாளர் பலர் கைக்கு வந்த தொகையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.