இடுப்பு மூட்டுத் தேய்வும் இயன்மருத்துவரின் கடமையும்: மன்னாரில் பணியேற்றிருக்கும் தம்பிக்கு



பேராதனையிற் படிப்பை முடித்து மன்னாரிலே இயன்மருத்துவராகக் கடமையேற்றிருக்கும் நீர், இடுப்பு மூட்டுத் தேய்ந்து வருபவரைப் பயிற்சியாலேயே தேற்றிவிட முயல்வதா, அன்றிச் செயற்கை மூட்டுப் பொருத்தும் சத்திரசிகிச்சைக்கு அனுப்பிவிடுவதா என்று கேட்டு எழுதியிருந்தீர். இக்கேள்வி உம்மைப் போன்ற பலர் மனத்திலும் இருக்கக்கூடியதாதலால், மறுமொழியை எல்லோரும் படிக்கத்தக்க வகையிலே எழுதுகிறேன்.

சிகிச்சையைப் பற்றி யோசிக்குமுன் நோய் எங்கேயிருக்கிறது என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பேசாலையிலிருந்தோ வங்காலையிலிருந்தோ வரும் மீனவர் ஒருவர், "முழங்கால் நோகுது, எண்ணெய் பூசியும் மாறேல்லை" என்று சொல்லி உம்முன் அமர்வாராயின், முழங்காலோடு நின்றுவிடாதீர். இடுப்பு மூட்டுக்குச் செல்லும் நரம்பொன்று முழங்காலுக்கும் கிளை விடுவதால், இடுப்பின் நோவு முழங்காலில் உணரப்படுவது சாதாரணம். அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் 90 பாகைக்கு மடித்து, பாதத்தை வெளிப்புறமாக மெல்ல நகர்த்தும். அப்போது தொடை உட்புறமாகத் திரும்பவேண்டும். அந்தத் திருப்பம் தொடக்கத்திலேயே தடைப்பட்டு, அவர் கவட்டிலே கையை வைத்து முகஞ் சுளிப்பாரேயானால், கோளாறு இடுப்பிலேதான் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதன்பின் அவருடைய சீவியத்தைப் பற்றிக் கேளும். வள்ளத்தின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கிவைக்க முடிகிறதா, கால் நகம் வெட்ட முடிகிறதா, மலசலகூடத்திலே குந்தி எழும்ப முடிகிறதா, எருக்கலம்பிட்டியிலிருந்து வரும் பெரியவராயின் தொழுகையில் சுஜூதுக்குப் போக முடிகிறதா, மடு மாதா கோயிலுக்குப் போனவராயின் அங்கே முழந்தாளிட முடிந்ததா என்ற இவ்வினாக்களின் விடைகள், எக்ஸ்றே படத்துக்கு எவ்விதத்திலும் குறைந்தவையல்ல.

நமது கரைக்கே உரிய ஒரு விடயத்தையும் இங்கே சொல்லவேண்டும். கடலட்டைக்கும் சங்குக்குமாகக் காற்றுச் சிலிண்டருடன் ஆழத்தில் நெடுநேரம் நின்று, உரிய நிதானமின்றி மேலெழும் சுழியோடிகளுக்கு, இரத்தத்தில் உண்டாகும் வாயுக் குமிழிகளினால் தொடையென்பின் தலைக்குச் செல்லும் இரத்தவோட்டம் தடைப்பட்டு, அந்த என்பே நாளடைவில் நசிந்துபோக இடமுண்டு. முப்பது வயதுச் சுழியோடி ஒருவர் கவட்டு நோவென்று வந்தால், தசைப்பிடிப்பென்று சொல்லி ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடாதீர். தாமதமின்றி என்பு வைத்திய நிபுணர் பார்க்கும்படி செய்யும். இடிந்து விழும் என்பைப் பயிற்சி எதுவும் தாங்கிப் பிடிக்கமாட்டாது.

இனி உமது கேள்விக்கு வருகிறேன். மூட்டின் கசியிழையம் தேயத் தொடங்கிய காலத்தில் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. நோர்வேயில் 109 நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அறிவுரையோடு பயிற்சியும் பெற்றவர்கள் செயற்கை மூட்டைத் தேடிச் செல்லும்வரை கழிந்த காலம் இடைநிலையாக 5.4 ஆண்டாகவும், அறிவுரை மாத்திரம் பெற்றவர்களுக்கு 3.5 ஆண்டாகவும் இருந்தது. ஆயினும் 2014 இல் ஆஸ்திரேலியாவில் 102 பேரிடம் நடந்த ஆய்வு, இயன்மருத்துவம் பெற்றவர்க்கும் சிகிச்சைபோலத் தோன்றும் வெறும் பாவனைச் சிகிச்சை பெற்றவர்க்கும் நோவு தணிந்ததில் பெரிய பேதம் காணவில்லை என்பதையும் மறைக்காமல் மனத்திற் கொள்ளும். நோய் முற்றியவர் விடயத்திலோ விடை இன்னும் தெளிவானது. 2024 இல் டென்மார்க்கினர் வெளியிட்ட ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலுமான 109 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சத்திரசிகிச்சையும், மற்றவர்க்கு 12 வாரம் மேற்பார்வையுடன் பாரப் பயிற்சியும் அளித்தார்கள்; ஆறு மாத முடிவில், 48 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் முன்னவர் 15.9 புள்ளியும் பின்னவர் 4.5 புள்ளியும் முன்னேறினர். பயிற்சி பெற்றவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அந்த ஆறு மாதத்துள்ளேயே சத்திரசிகிச்சைக்குப் போனார். ஏனையோர் அதுவரை அதனை நாடவில்லை என்பதும் அதே ஆய்வின் செய்தியே.

ஆகையால், பயிற்சியை முதலிற் கொடும், முழுமையாகக் கொடும். முசலியிலிருந்தோ விடத்தல்தீவிலிருந்தோ வாரம் இருமுறை பஸ் ஏறி வருவது பலருக்கு இயலாத காரியமாதலால், வீட்டிலே செய்யத்தக்கவற்றையே தேர்ந்துகொள்ளும். கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழும்பி அமர்தல், ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்துதல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல், விறாந்தைப் படியிலே ஏறி இறங்குதல் என்ற நான்கும் போதும். உடம்பு பழகப் பழக, மணல் நிரப்பிய பையொன்றைக் கணைக்காலிற் கட்டிப் பாரத்தைக் கூட்டலாம். பயிற்சியின்போது ஓரளவு நோவு வருவது குற்றமன்று. மறுநாட் காலைக்குள் அது அடங்கிவிடவேண்டும். ஊன்றுகோலை நோவுள்ள காலுக்கு எதிர்க்கையிலே பிடிக்கச் சொல்லும். ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பைச் சரியவிடாது இழுத்துப் பிடிக்கும் தசைகளே மூட்டின் மேல் பெருஞ்சுமையை ஏற்றுகின்றன; எதிர்க்கைக் கோல் அந்த இழுப்பின் தேவையைக் குறைக்கிறது. பெரும்பாலோர் நோகும் பக்கத்திலேயே கோலை ஊன்றி வருவதை நீர் தினந்தோறும் காண்பீர்.

சிரத்தையுடன் மூன்று மாதம் செய்தும் இரவிலே நோவு நித்திரையைக் கெடுக்குமானால், நடக்கும் தூரம் நாளுக்கு நாள் சுருங்குமானால், தன் காரியத்தைத் தான் பார்க்க முடியாத நிலை வருமானால், சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவதே தர்மம். அது உமது தோல்வியென்று ஒருபோதும் நினையாதீர். 1962 இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்ற வைத்தியர் உலோகத் தண்டையும் பொலித்தீன் கிண்ணத்தையும் இணைத்துச் செப்பஞ்செய்த இந்தச் சிகிச்சை, எத்தனையோ இலட்சம் மாந்தரை எழுந்து நடக்கவைத்திருக்கிறது. கிருமித்தொற்று, இரத்தக் கட்டி, மூட்டு விலகல் ஆகிய ஆபத்துக்களும் அதில் உண்டு. 2019 இல் வெளியான கணிப்பொன்று, செயற்கை இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 தான் 25 ஆண்டு நிலைக்கின்றன என்கிறது. நாற்பத்தைந்து வயதினருக்கு இக்கணக்கு பொறுத்திருக்கச் சொல்லும் நியாயமாகலாம். எழுபது வயதினருக்கு அது ஆறுதலாகவே அமையும்.

யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ போகவேண்டியவர் அந்தத் தூரத்துக்கும் செலவுக்கும் அஞ்சியே மறுக்கிறார் என்றால், அந்த அச்சத்தை மருத்துவக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர். எந்தக் கிளினிக், எவ்வளவு காத்திருப்பு, என்ன உதவி கிடைக்கும் என்று நீரே விசாரித்துச் சொல்லும். சத்திரசிகிச்சைக்கு முன்னரே வீட்டு நிலைமையையும் கேட்டறியும். மூட்டின் பின்புறமாகக் கீறிச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களுக்கு, நிபுணர் விதிக்கும் காலம்வரை, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடித்தலும் கால்மேற் கால் போடுதலும் ஆகாதாதலால், குந்து மலசலகூடத்துக்கு மாற்றாகக் கொமட் கதிரையும், பாய்க்கு மாற்றாகக் கட்டிலும், தொழுகைக்கும் செபத்துக்கும் கதிரையும் ஆயத்தமாயிருக்க வேண்டும். இவற்றை முன்கூட்டியே அமைத்துக் கொடுப்பது உம்முடைய பொறுப்பு.

தம்பி, பயிற்சியும் சத்திரசிகிச்சையும் ஒன்றோடொன்று போட்டியிடுபவையல்ல. ஒரே நோயாளிக்கு வெவ்வேறு காலங்களில் உரியவை. எது எக்காலத்துக்குரியதென்று நேர்மையாகச் சொல்லும் வைத்தியரையே ஊர் நம்பும். அந்த நம்பிக்கைக்கு உரியவராக நீர் விளங்கவேண்டுமென்று மனதார வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உம்முடைய தொழிலிலே மூத்தவன்