தாம்பரத்துக்கு மேலே சுற்றும் விமானங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போன ஒன்று. மூக்கில் விசிறி சுழலும் சின்ன விமானம் தாழ்வாக வரும். ஓடுபாதையைத் தொடும். நிற்காமல் மறுபடி எழும். சுற்றிக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வரும். 2025 நவம்பர் 14 அன்று பிற்பகலில், தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பிலாட்டஸ் பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் அருகே விழுந்தது. விமானி எஜெக்‌ஷன் இருக்கையால் உயிர் தப்பினார். விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது. அதன் பிறகு டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் இந்தச் சுற்றலைப் பற்றிய பேச்சு பெருகிவிட்டது. தலைக்கு மேல் விமானம் பறக்கும்போது பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி தவறான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறது.

“கத்துக்குட்டிகள் ஓட்டிப் பழகுகிறார்கள்.”

இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் பறக்கக் கற்கும் இடம் ஐதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாதமி. தாம்பரத்தில் இருப்பது பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி. 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் இங்கே வந்தது. போர் விமானமோ சரக்கு விமானமோ ஹெலிகாப்டரோ ஏற்கெனவே ஓட்டி அனுபவப்பட்டவர்கள்தான் இங்கே மாணவர்கள். கடற்படை, தரைப்படை, கடலோரக் காவல்படை அதிகாரிகளும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் வருகிறார்கள். அவர்கள் கற்பது பறப்பதை அல்ல, பறக்கக் கற்றுக்கொடுப்பதை. மாணவர் எங்கே தவறுவார், அதை எந்த நொடி வரை பொறுக்கலாம், எந்த நொடியில் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்க வேண்டும் என்பதெல்லாம் பாடம். அதற்காக ஒருவர் மாணவராக நடித்து வேண்டுமென்றே தவறு செய்வதும் உண்டு. கீழே இருந்து பார்க்கும்போது ஒரு இறக்கம் கோணலாகத் தெரிந்தால், அது திட்டமிட்ட கோணலாகவும் இருக்கலாம்.

“வட்டமடிக்கிறது என்றால் ஏதோ கோளாறு.”

அந்தச் சுற்றுக்கு விமானிகள் மத்தியில் சர்க்யூட் என்று பெயர். அது வட்டமும் அல்ல, நீள்சதுரம். காற்றை எதிர்த்து எழுவது, பக்கவாட்டில் திரும்புவது, ஓடுபாதைக்கு இணையாகக் காற்றோடு எதிர்த்திசையில் போவது, பிறகு ஓடுபாதைப் பக்கம் குறுக்கே திரும்பும் பேஸ், கடைசியாக ஓடுபாதைக்கு நேராக இறங்கும் ஃபைனல். வழக்கமாகத் தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில் பறப்பார்கள். டர்பைன் விமானங்களை 1,500 அடியில் வைப்பது உலகின் பல தளங்களில் நடைமுறை. யாரும் யார் மீதும் மோதாமல் இருக்க, எல்லோரும் ஒரே பாதையில், ஒரே உயரத்தில், ஒரே திசையில் சுற்ற வேண்டும். வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி மீனம்பாக்கத்தில் பயணிகள் விமானங்கள் ஏறி இறங்கும் ஊரில் இந்த ஒழுங்கு இன்னும் கறாராக இருந்தாக வேண்டும்.

“காலையில் ஒரு பக்கம் போகிறார்கள், மதியம் எதிர்ப்பக்கம் போகிறார்கள், ஏன் இந்தக் குழப்பம்?” என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. கோடையில் காலை நேரம் மேற்கிலிருந்து நிலக்காற்று. நடுப்பகல் வாக்கில் கோவளம், முட்டுக்காடு பக்கமிருந்து கடற்காற்று உள்ளே வரும். காற்றை எதிர்த்துத்தான் எழவும் இறங்கவும் வேண்டும் என்பதால் ஓடுபாதையின் முனை மாறுகிறது. அதோடு சுற்று முழுவதும் புரண்டுவிடுகிறது. கடற்காற்று எப்போது புகுந்தது என்பதைத் தாம்பரத்து மொட்டை மாடியில் நின்று விமானம் எழும் திசையை வைத்தே சொல்லிவிடலாம்.

“விசிறி வைத்ததெல்லாம் பழைய காலத்துச் சரக்கு.”

தாம்பரத்தில் பறக்கும் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது. 2012இல் 75 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, 2013இல் விமானப்படையில் சேர்த்தார்கள். அதன் மூக்குக்குள் பிஸ்டன் இல்லை. 700 குதிரைத்திறன் கொண்ட டர்பைன் இருக்கிறது, அதாவது ஜெட் இன்ஜினின் உறவுக்காரன். காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, அந்தச் சூடான வாயுவால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, விசிறியை ஓட்டுகிறது. வாயுவை உண்டாக்கும் பகுதிக்கும் விசிறியை ஓட்டும் சக்கரத்துக்கும் இடையே தண்டுத் தொடர்பு கிடையாது; வாயு மட்டுமே இணைப்பு. இந்த அமைப்பால் வரும் ஒரு குணத்தை விமானி மறக்கவே கூடாது. அடங்கிக் கிடக்கும் இன்ஜினில் திராட்டிலைத் தள்ளினால் முழுச் சக்தி வரச் சில விநாடிகள் பிடிக்கும். திராட்டிலை முழுவதுமாக இழுத்துவிட்டாலோ, விசிறியின் இதழ்கள் தட்டையாகி, காற்றுக்கு எதிரே ஒரு தட்டு பிடித்ததுபோல் பிரேக் போடும். விமானம் சட்டென்று இறங்கத் தொடங்கும். சக்தியைத் திடீரென்று கூட்டினால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலக்காலால் ரட்டரை, அதாவது வால் சுக்கானை, அழுத்திப் பிடிக்க வேண்டும். ஜெட்டிலிருந்தோ சின்ன பிஸ்டன் விமானத்திலிருந்தோ வருகிறவர் முதலில் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டியது இந்த மூன்றையும்தான். ஃபைனலில் தாழ்ந்துபோன பிறகு சக்தியைத் தேடுவது பிந்திய காரியம்.

“இன்ஜின் நின்றால் கல் மாதிரி விழும்.”

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு நம் விமானப்படையின் அடிப்படைப் பயிற்சிக்கு இருந்த எச்.பி.டி.-32 தீபக் விமானத்தில் இன்ஜின் கோளாறுகள் தொடர்ந்தன, உயிர்கள் போயின. 2009இல் அவை அத்தனையும் நிறுத்தப்பட்டன. அந்தக் காலத்துப் பயம் ஒற்றை இன்ஜின் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் இறக்கை இருக்கும்வரை எந்த விமானமும் கல் அல்ல. பிலாட்டஸ் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கப் பயிற்சி விமானம் டி-6ஐ எடுத்துக்கொள்ளலாம். இன்ஜின் இல்லாமல், விசிறியின் இதழ்களைக் காற்றின் போக்குக்கு ஒருக்களித்து வைத்து, 125 நாட் வேகத்தில் மிதந்தால், 1,000 அடி இழப்பதற்குள் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் போய்விடும். பிலாட்டஸிலும் எண்ணெய் அழுத்தம் போனால் ஸ்பிரிங்குகளும் எதிர்எடைகளும் அந்த இதழ்களைத் தாமாகவே ஒருக்களிக்கத் தள்ளும்.

இதற்கென்று தனியாக ஒரு சுற்றே இருக்கிறது. டி-6இல் ஓடுபாதைக்கு நேர் மேலே 3,000 அடியில் ஒரு புள்ளி, பாதிச் சுற்று சுற்றிவந்து பக்கவாட்டில் 1,500 அடியில் இன்னொரு புள்ளி. ஹை கீ, லோ கீ என்பார்கள். அந்த இரண்டு புள்ளிகளையும் சரியான உயரத்தில் பிடித்துவிட்டால் மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். இன்ஜினை அடக்கிவைத்து அந்தப் புள்ளிகளைப் பிடிக்கும் பயிற்சியைத்தான், “சத்தமே இல்லாமல் செங்குத்தாக இறங்குகிறதே” என்று நாம் திடுக்கிட்டுப் பார்க்கிறோம்.

இதற்கு எல்லையும் உண்டு. மாமல்லபுரத்துக்கு மேலே இன்ஜின் நின்றால் தாம்பரம் நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்கும் அதிகம். மேலே சொன்ன கணக்குப்படி 8,000, 9,000 அடி உயரத்தில் இருந்தால்தான் ஓடுபாதைக்குக் கிட்டே வரலாம், அதுவும் எதிர்க்காற்று இல்லாத நாளில். கொளவாய் ஏரி எங்கே, பக்கிங்ஹாம் கால்வாய் எங்கே, பறக்கக் கூடாத கல்பாக்கம் எல்லை எங்கே என்பதை விமானி எப்போதும் மனத்தில் வைத்திருப்பது இதனால்தான். “எழுந்தவுடன் இன்ஜின் நின்றால் திரும்பி அதே ஓடுபாதையில் இறங்கலாமே” என்பார்கள். சில நூறு அடியில் அது பெரும்பாலும் உயிரை வாங்கும் முயற்சி.

“கடற்கரை இருக்கிறதே, மணலில் இறக்கலாமே.” கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கரை முழுக்கப் படகு, வலை, மனிதர்கள். அது யாருடைய ஓடுபாதையும் அல்ல.

“மெதுவாகப் பறந்தால் பத்திரம்.”

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இதுதான். ஏனென்றால் பறப்பதைப் பற்றி அரைகுறையாகப் படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் பொருந்துவது இறக்கைக்குப் பொருந்தாது. ஒரு வேகத்துக்குக் கீழே போனால் இறக்கையின் மேலே காற்று பிய்ந்துவிடும், தூக்குவிசை சரிந்துவிடும். இதற்கு ஸ்டால் என்று பெயர். அந்த எல்லை வேகம் ஒரே எண்ணாக நிற்பதில்லை என்பதில்தான் சிக்கல். விமானத்தை 30 டிகிரி சாய்த்துத் திருப்பினால் எல்லை 7 விழுக்காடு போல உயரும். 45 டிகிரியில் ஏறக்குறைய 19 விழுக்காடு. 60 டிகிரியில் 41 விழுக்காடு.

இதைச் சர்க்யூட்டின் கடைசித் திருப்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திரும்புவதற்கு வேண்டிய இடம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். சின்ன பிஸ்டன் விமானம் 75 நாட் வேகத்தில், 30 டிகிரி சாய்வில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் 260 மீட்டர். பிலாட்டஸ் போல டர்பைனால் விசிறியை ஓட்டும் டர்போப்ராப் விமானம் 120 நாட் வேகத்தில் அதே சாய்வில் திரும்பினால் சுமார் 670 மீட்டர். ஆகவே இந்த விமானத்தின் சுற்று அகலமாகத்தான் இருக்க முடியும். “ஓடுபாதை அங்கே இருக்க, எங்கள் வீட்டுக்கு மேல் ஏன் வருகிறார்கள்” என்ற கேள்விக்கும் விடை இதுவே.

கடற்காற்று இங்கேயும் நுழைகிறது. பேஸ் பகுதியில் பின்னாலிருந்து காற்று தள்ளினால், தரையோடு ஒப்பிடும்போது விமானம் நினைத்ததைவிட வேகமாக ஓடும். திருப்பம் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடும். தாண்டிவிட்டோமே என்று இன்னும் சாய்க்கத் தோன்றும். மூக்கு தாழ்கிறதே என்று ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கத் தோன்றும். தரை கிட்டத்தில் தெரிவதால் சாய்வைக் கூட்டப் பயந்து காலால் மூக்கைத் திருப்பத் தோன்றும். மூன்றும் சேர்ந்தால், மீட்பதற்கு உயரமே இல்லாத இடத்தில் ஸ்டால், அதோடு சுழற்சி. இதற்கான மருந்து மிக எளிது: திருப்பத்தைத் தாண்டிவிட்டால் விட்டுவிட வேண்டும், சக்தியைக் கூட்டி மேலே போய் இன்னொரு சுற்று வர வேண்டும். ஒரே விமானம் இறங்காமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை சுற்றினால் “இறக்கத் தெரியவில்லை” என்று சிரிக்கிறார்கள். சரியான முடிவை எடுத்த விமானியைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

“சுற்று எப்போதும் இடப்பக்கம்தான்.”

வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில் இடப்பக்கம் திரும்புவது உலகப் பொதுவிதி. விமானிகள் அருகருகே உட்காரும் விமானங்களில் கேப்டன் இடப்பக்கம் இருப்பதால் ஓடுபாதை அவர் கண்ணிலேயே இருக்கும். பிலாட்டஸில் ஒருவர் பின் ஒருவராக நடுவில் உட்காருகிறார்கள், இரு பக்கமும் ஒன்றுதான். அருகிலுள்ள தளங்கள், குடியிருப்பு, தடைப் பகுதி இவற்றைப் பார்த்து வலப்பக்கச் சுற்றும் வைப்பார்கள்.

“எஜெக்ட் ஆகிறவர் விமானத்தைக் கைவிட்டவர்.”

அந்த முடிவுக்குச் சில விநாடிகள்தான் கிடைக்கும், சில சமயம் அதுவும் கிடைக்காது. 2023 டிசம்பர் 4 அன்று துண்டிகல்லிலிருந்து கிளம்பிய இதே ரக விமானம் தெலங்கானாவின் தூப்ரான் அருகே விழுந்தபோது, அதிலிருந்த இருவரும் உயிரிழந்தார்கள். அதிலும் எஜெக்‌ஷன் இருக்கைகள் இருந்தன. உலோகத்தை மறுபடி வாங்கலாம். பயிற்றுநர் ஒருவரை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

“பறவைதானே, அது என்ன செய்யும்?”

ஒற்றை இன்ஜின் விமானத்துக்கு, அதுவும் எழும்போதும் ஃபைனலிலும், ஒரு பருந்தே போதும். வடக்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம், தெற்கே வேடந்தாங்கல், கரிக்கிலி என்று நம் மாவட்டத்தைச் சுற்றிப் பறவைகளின் ஊர்கள் இருக்கின்றன. அவை விமானங்களுக்கு முன்பிருந்தே இங்கே இருப்பவை, அவற்றின் மீது குற்றம் இல்லை. பருந்தையும் காகத்தையும் ஓடுபாதைப் பக்கம் இழுப்பது கோழிக்கடைக் கழிவும் ஏரிக்கரையில் கொட்டும் குப்பையும்தான். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், பறவைகளை ஈர்க்கும்படி விலங்குகளை அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் 1937ஆம் ஆண்டின் விமான விதிகள், 91ஆம் விதியிலேயே தடைசெய்தன. தாம்பரம் தளத்திலிருந்து அந்த 10 கிலோமீட்டரை அளந்தால் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், வண்டலூர் எல்லாம் உள்ளே வந்துவிடும். வார்டு கவுன்சிலரிடம் புகார் கொடுக்க நினைப்பவர்கள் விமானச் சத்தத்தைவிட இதை முதலில் எழுதிக் கொடுக்கலாம்.