சான்றிதழின் கைரேகை

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து முடித்த ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். அவர் அனுப்பிய சான்றிதழ் உண்மையானதா என்று நிறுவனம் எப்படி அறியும்? கல்லூரிக்கு எழுதிக் கேட்டால் பதில் வரக் காத்திருக்க வேண்டும். போலித் தாளை அச்சிடுவதோ எளிது.

இதற்காகச் சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு ‘ஓப்பன்சர்ட்ஸ்’ அறிமுகமானது. அதன் அடித்தளம், அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு உருவாக்கிய ‘ஓப்பன் அட்டெஸ்டேஷன்’ என்னும் கருவித்தொகுப்பு. இணையத்தளத்தை ‘எத்தீரியம்’ என்னும் பிளாக்செயினுடன் இணைக்க அது நிரலாளர்களுக்கு உதவுகிறது. பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து காக்கும் பதிவேடு. அதில் எழுதியதை ஒருவர் தம் விருப்பப்படி திருத்த முடியாது.

சான்றிதழே பிளாக்செயினில் ஏற்றப்படுவதாகப் பலர் எண்ணுவதுண்டு. அப்படியன்று. பெயரும் மதிப்பெண்களும் மாணவரின் கோப்பிலேயே இருக்கும். அவற்றிலிருந்து கணக்கிடப்படும் நீண்ட குறியீடு, கைரேகையைப் போன்றது. ஒரு தொகுதிச் சான்றிதழ்களின் கைரேகைகள் ஒன்றிணைக்கப்பட்டு, ஒரே குறியீடாகப் பதிவாகின்றன.

நிறுவனம் கோப்பை இணையத்தளத்தில் பதிவேற்றியதும் குறியீடு மீண்டும் கணக்கிடப்படுகிறது. ‘பி’ என்னும் தரத்தை ‘ஏ’ என்று மாற்றியிருந்தால்கூடக் குறியீடு பொருந்தாது; குட்டு வெளிப்பட்டுவிடும். சான்றிதழை வழங்கியவர் யார், அது பின்னர் மீட்டுக்கொள்ளப்பட்டதா என்பனவும் சோதிக்கப்படும்.

ஆனால், கல்லூரி அலுவலகத்திலேயே ஒருவர் மதிப்பெண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்திருந்தால்? குறியீடு அப்போதும் பொருந்தும். அந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க, மாணவர்தான் தம் சான்றிதழைப் படித்துப் பார்க்க வேண்டும்.