கஞ்சாவும் ஆரஞ்சுத் தோலும்: நெஞ்செரியும் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கஞ்சாச் சத்தும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் கலந்த சொட்டு மருந்து நெஞ்செரிச்சலைப் போக்குமாமே, ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்களாமே என்று டொராண்டோவிலிருந்து கேட்டிருக்கிறாய். யார் நிரூபித்தார்கள், எத்தனை பேரை வைத்து என்று மட்டும் விசாரிக்கவில்லை. கார் வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிறவன், வயிற்றுக்குள் போகிற சரக்கை நண்பன் சொன்னான் என்று வாங்கப் பார்க்கிறாய். சரி, நீ கேட்காததையும் சேர்த்து நானே சொல்கிறேன்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. உன் பாட்டியின் சுருக்குப்பை வாயைப் போல இறுகி நிற்கும். நாம் விழுங்கும்போது தளரும். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகோ, எதையும் விழுங்காமலேயே அவ்வப்போது சில நொடிகள் தானாகத் தளரும். ஏப்பம் வெளியேறுவது அப்படித்தான். காற்றோடு அமிலமும் மேலே ஏறினால் புளியேப்பம், எதுக்களிப்பு, எரிச்சல். எனக்கு அமிலம் அதிகமாகச் சுரக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயே, பெரும்பாலானவர்களுக்கு அமிலம் சுரக்கிற அளவில் கோளாறில்லை. அது ஏறி வரும் இடத்தில்தான் கோளாறு.

இந்த வேளைகெட்ட தளர்வைக் குறைக்க முடியுமா என்று தேடியவர்கள்தான் கஞ்சாவிடம் போனார்கள். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. பற்றிக்கொள்ளும் ஏற்பிகள், அந்தத் தசையை ஆட்டிவைக்கும் நரம்புப் பாதையிலும் இருக்கின்றன. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலில் நாய்கள், பிறகு 18 மனிதர்கள். டி.எச்.சி. கொடுத்துச் சாப்பாடும் போட்டு, உணவுக்குழாயின் அழுத்தத்தை அளந்தார்கள். தளர்வுகளின் எண்ணிக்கை உண்மையாகவே குறைந்தது.

"பார்த்தீர்களா மாமா" என்று துள்ளாதே. அந்த 18 பேரும் ஆரோக்கியமானவர்கள். நெஞ்செரிச்சல்காரர் ஒருவர்கூட இல்லை. தளர்வு குறைந்ததே தவிர, அமிலம் மேலே ஏறுவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. அதோடு, தசையின் வழக்கமான இறுக்கமும் சேர்ந்தே குறைந்துவிட்டது. அதிக அளவு கொடுத்தபோது குமட்டலும் வாந்தியும் வந்து, அந்தப் பகுதியை முடிக்காமலே நிறுத்த வேண்டியதாயிற்று. இரத்த அழுத்தம் இறங்கியது, இதயம் படபடத்தது, தலை கிறங்கியது. எரிச்சலை விரட்டப் போய் வாந்தியை வாங்கிவருவது உனக்குச் சம்மதமா?

இன்னும் இரண்டு சங்கதி உண்டு. டி.எச்.சி. இரைப்பையிலிருந்து உணவு கீழே இறங்குவதைத் தாமதப்படுத்தும் என்று 1999இலேயே மனிதர்களிடம் அளந்து காட்டியிருக்கிறார்கள். நிறைந்த வயிறு நெடுநேரம் நிறைந்தே இருந்தால் தளர்வு கூடத்தானே செய்யும்? கஞ்சா பசியையும் கிளப்பும். ஏற்கெனவே இரவு பதினொரு மணிக்குக் கொத்து பரோட்டா தேடுகிற ஆளுக்கு அது வேறு. இரண்டாவது, நெடுங்காலம் அடிக்கடி கஞ்சா எடுத்தவர்களில் சிலருக்கு விடாத வாந்தி வருவதை ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பக்கத்து மருத்துவர்கள் 2004இல் எழுதினார்கள். வெந்நீர்க் குளியலில் மட்டும் அது தற்காலிகமாக அடங்குமாம். அடிக்கடி வாந்தி எடுத்தால் உணவுக்குழாய் என்ன கதியாகும் என்று யோசி.

ஆரஞ்சுத் தோலுக்கு வருவோம். அதன் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்னும் வேதிப்பொருள். எலுமிச்சைத் தோலிலும் உண்டு, சில வகைக் கஞ்சாப் பூவிலும் உண்டு. நெஞ்செரிச்சலுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சோதனை நிஜம்தான்: முதலில் 19 பேர், பிறகு 13 பேர், 1,000 மில்லிகிராம் மாத்திரை, இரண்டு வாரம். பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்ததாகக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு வந்த இடம் 2002இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட ஒரு காப்புரிமை ஆவணம். இரண்டாவது சோதனையில் மருந்து இல்லாத வெற்று மாத்திரையை விழுங்கியவர்களிலும் பத்தில் மூன்று பேர் தேவலை என்றார்களாம். நெஞ்செரிச்சல் தானே வந்து தானே போகிற பேர்வழி. பதின்மூன்று பேரை வைத்து அதன் மீது தீர்ப்பு எழுத முடியாது.

எண்ணெய் அமிலத்தை முறித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. லிமோனீன் வெறும் ஹைட்ரோகார்பன். அமிலத்தை முறிக்கும் காரம் அதில் துளியும் இல்லை. இதைப் படித்துவிட்டு ஆரஞ்சுச் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடிக்கவும் ஆரம்பிக்காதே. சோதித்தது தோலின் எண்ணெயை. சாறு புளிப்பு, பலருக்கு எரிச்சலைக் கிளப்பிவிடுவதே அதுதான்.

"இரண்டையும் சேர்த்தால்?" என்று அடுத்துக் கேட்பாய். சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் டி.எச்.சி.யையும் லிமோனீனையும் ஆவியாக உள்ளிழுத்தார்கள். ஆனால் ஆய்வின் கேள்வி, டி.எச்.சி. கிளப்பும் பதற்றத்தை லிமோனீன் தணிக்குமா என்பது. ஓரளவு தணித்தது. நெஞ்செரிச்சலைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. உன் சொட்டு மருந்துக்காரர்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு வரி, காப்புரிமையிலிருந்து ஒரு வரி, ஹாப்கின்ஸிலிருந்து ஒரு வரி எடுத்து ஒட்டி, ஆராய்ச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"இயற்கைப் பொருள்தானே, கனடாவில் 2018 முதல் சட்டப்படியே விற்கிறார்களே" என்பாய். எட்டிக்காயும் இயற்கைதான். சட்டம் விற்கலாம் என்று சொன்னதே ஒழிய, நெஞ்செரிச்சல் தீரும் என்று சொல்லவில்லை. ஊருக்கு வரும்போது அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடாதே. இங்கே இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது; விமான நிலையத்தில் உன் அம்மாவுக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

செய்ய வேண்டியது இதுதான். ஒமெப்ரசோல் மாத்திரை வேலை செய்யவில்லை என்று புலம்பினாயே, அதைச் சாப்பிட்ட பிறகு விழுங்குகிறாய் அல்லவா? சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடு. மருத்துவர் சொன்ன நாள் வரை விடாமல் போடு. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடு. கட்டிலின் தலைமாட்டை ஓர் அரையடி உயர்த்து. தலையணையை அடுக்கினால் போதாது, வயிறுதான் மடங்கும். இடப்பக்கம் சாய்ந்து படு. தொப்பையைக் குறை, இதற்கு நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ உடனே மருத்துவரிடம் போ. நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை எரிச்சல் என்று எண்ணி வீட்டில் உட்கார்ந்திருக்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அந்தச் சொட்டு மருந்தை வாங்காதே. ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்றால், மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா