விரையும் நெஞ்சம்

ஓடி இளைத்தார்க்கும் அஞ்சினார்க்கும் நெஞ்சு விரைந்து துடித்தல் இயல்பு. அமைதியாக அமர்ந்திருக்கும் ஓர் இளைஞனுக்கு அது திடீரென விரையுமாயின், அதனைப் பிறர் அச்சம் என்று எண்ணி நகைப்பர். அவனும் நாணி மறைப்பான்.

1930-ஆம் ஆண்டில் உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்னும் மருத்துவர் மூவர், இவ்வாறு துன்புற்ற 11 பேரின் இதய மின்வரைபடங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் மற்றபடி உடல்நலம் வாய்ந்தவர்களே. இதயத்தின் மேலறையினின்று கீழறைக்கு மின்னோட்டம் செல்லும் வழி இயல்பில் ஒன்றே. இத்தகையோர்க்குப் பிறவியிலேயே மற்றொரு வழியும் உண்டு என்பது பின்னர் உறுதியாயிற்று. ஒரு வழியே இறங்கிய மின்னோட்டம் மற்றொன்றின் வழியே ஏறிச் சுழலும். அப்பொழுது, ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும் இதயம் 150-க்கு மேலும், சிலவேளை 200-க்கு மேலும் துடிக்கும். ஆதலின் இஃது உள்ளத்தின் கோழைமை அன்று, உறுப்பின் அமைப்பே.

மருத்துவர் கற்பித்தவாறு மூச்சை அடக்கி முக்கினால் துடிப்பு தணிதலும் உண்டு. 1968-இல் அமெரிக்க நாட்டு மீனவர் ஒருவர்க்கு மார்பைத் திறந்து அம்மிகை வழியை அறுத்தனர். இன்றோ, தொடையின் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அதனைச் சுட்டு அடைக்கின்றனர். அதன்பின் மருத்துவர் இசைவுடன் விளையாட்டிற்கு மீள்வோர் பலர். எனினும், துடிப்புடன் மயக்கமோ நெஞ்சுவலியோ வரின் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

மறைத்த நோய்க்கு மருந்தளிப்பார் யார்? உற்றதை ஒளியாது உரைத்தலே நலத்தின் முதற்படி.