குளமும் கிணறும்

யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்களை மாணவர்க்குக் கற்பிக்குங்கால், அவற்றுட் பல நீர்நிலைகளின் பெயர்களாய் இருத்தலை நாம் சுட்டிக்காட்டுவதுண்டு. கொக்குவில், இணுவில், கோண்டாவில் என்பவற்றின் ஈற்றில் நிற்கும் ‘வில்’ நீர்நிலையைக் குறிப்பதென்பர். குளம், கேணி, துரவு, பூவல், மடு, கடனீரேரி என நம் முன்னோர் நீருக்கு வழங்கிய பெயர்கள் பல. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு காணாத நிலத்தில் இச்சொற்கள் மலிந்திருத்தல் வியப்பன்று.

இக்குடாநாடு சுண்ணக்கற் பாறையால் ஆயது. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் வடகீழ்ப் பருவமழை குளங்களில் தேங்கி, பாறை வெடிப்புக்களினூடே மெல்ல இறங்கி, ஆழத்திலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு பாரங் கூடியது. ஆதலின் கடன்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நூலோர் கணக்கு. மேலே 1 அடி குறையின், கீழேயுள்ள உவர்நீர் நாளடைவில் 40 அடி மேலெழ முற்படும். பாறையில் வெடிப்பும் குகையும் உள்ளவிடத்து இக்கணக்குச் சிறிது பிசகலாம். எனினும் உண்மை இதுவே. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கண்ட சான்றாம்.

எனவே குளம் என்பது வெறும் பள்ளமன்று. அது சுற்றிலுமுள்ள கிணறுகளின் வாய். அதனை மண்ணிட்டு மூடுவோர் கிணறுகளையே மூடுகின்றனர். ஒரு மாசி மாதத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவரை அயலிலுள்ள குளமொன்றிற்கு அழைத்துச் சென்றோம். குளத்தின் ஒரு பாதி நிரவப்பட்டிருந்தது. எஞ்சிய பாதியிற் பொலித்தீன் பைகளும் கட்டிட இடிபாடுகளும் கிடந்தன. முன்னர்த் தம் வீட்டுக் கிணற்றில் தேநீருக்கு நீர் அள்ளியதாகவும், இப்பொழுது அது சவராகி உடுப்புத் தோய்க்கவும் உதவாதென்றும் தன் அப்பாச்சி சொல்வதாக ஒரு மாணவன் கூறினான். “மூடினவர்களுக்கு இது தெரியாதா, ஐயா?” என்று அவன் வினாவினான். அன்று நாம் விடை கூறவில்லை.

குளத்தை மூடாமலும் அதனைக் கொல்லலாம். மழைநீர் வந்து சேரும் வாய்க்காலை மறித்தல் போதும். ஓரடி வேலிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடும் நம்மவர், அவ்வேலி வாய்க்காலுக்குள் நகர்ந்தபோது வழக்காடியதை நாம் கேட்டதில்லை! முற்காலத்தில் உழவர் கோடையிற் குளத்து வண்டலை வெட்டி வயலுக்கு எருவாக இட்டனர். அதனாற் குளமும் துப்புரவாயிற்று, நீரும் தடையின்றிக் கீழிறங்கிற்று. இக்காலத்தில் இயந்திரத்தைக் கொண்டு அளவின்றித் தோண்டுவோர், கரையோரங்களில் உவர்நீருக்கே வழி திறந்துவிடுகின்றனர். வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளில் நன்னீர்ப் படை மிக மெல்லியது. ஆண்டு இத்தவறு மிகக் கொடிது.

கடனீரேரியும் இக்கணக்கினின்று விலகியதன்று. மாரிநீரைத் தேக்கி அதனை நன்னீராக்குதல் கூடுமென எண்ணியே எந்திரி ச. ஆறுமுகம் 1954 இல் ‘யாழ்ப்பாணத்திற்கோர் ஆறு’ என்னும் திட்டத்தை வகுத்தார். அதன் நன்மை தீமைகளை ஆராய வேறொரு கட்டுரை வேண்டும். ஆயினும் கரையிலுள்ள கண்டல்களை வெட்டி, வீட்டுக் கழிவை ஏரியிற் கொட்டுதல் எத்திட்டத்திற்கும் உகந்ததன்று. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அக்கண்டல் வேர்களிடையேயாம்.

உவரினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. அதற்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. தோட்டங்களில் மிகையாக இடும் யூரியாவும், மலசலகூடக் குழிகளின் கசிவும் பாறை வெடிப்புக்களின் வழியே கிணற்றை அடைந்து நைத்திரேற்றாகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் இதற்கு விதித்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். நமது பகுதியிற் பல கிணறுகள் அதனை மீறியிருத்தல் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. இந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்குங்கால், கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைத் தாங்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கவுங் கூடும். கொதிக்க வைத்தலால் இது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. கொதித்த நீரே தூய நீரென நம்பும் தாய்மார்க்கு இதனை எடுத்துரைத்தல் கற்றோர் கடன்.

அம்மாணவரைக் கொண்டு, கயிற்றில் அடிக்கொரு முடிச்சிட்டு, அயற்கிணறுகள் சிலவற்றின் நீர்மட்டத்தைத் திங்கள்தோறும் அளந்து குறிப்பேட்டில் எழுதச் செய்துள்ளோம். குளங்களுக்கும் ஓரேடு தொடங்கியுள்ளோம். அதிற் பல பக்கங்கள் வெறுமையாயுள்ளன. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர், தாம் இளமையில் நீந்தி விளையாடிய குளத்தின் பெயரையும், அதற்கு நீர் கொணர்ந்த வாய்க்கால் எவ்வெவர் காணிகளினூடே வந்ததென்பதையும் எழுதியனுப்புவாராயின், அவற்றை அவ்வேட்டிற் சேர்த்துக்கொள்வோம்.